ரெயில் பாதையும் வாக்குச் சீட்டும்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் நமக்கு, வந்து சேர்ந்த நகரத்தின் மொழி பழகுவதற்கு முன்பாகவே பழகிவிடுவது அந்நகரத்தின் ரெயிலும் பஸ்ஸும்தான். எந்த வண்டி எங்கே நிற்கும், எந்த வேளையில் கூட்டம் குறையும் என்பதை முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்கிறோம். குடியிருக்க வீடு பார்க்கும்போதும், தண்ணீர் வசதிக்கு அடுத்தபடியாக நாம் கேட்பது நிலையம் எவ்வளவு தூரம் என்பதையே. ஆகவே நகரத்தில் புதிய பாதை போடப் போகிறார்கள் என்ற செய்தி நமக்கு வெறும் செய்தியன்று. வாழ்க்கைச் செலவையும் உறங்கும் நேரத்தையும் மாற்றப் போகும் விஷயம்.

ஆனால் சில ஆண்டுகள் கழிந்ததும் வேறு செய்திகள் வரத் தொடங்குகின்றன. பாதை ஓரிடத்தில் திரும்புகிறது. நம் பேட்டைக்கு வருவதாக இருந்த நிலையம் வேறு பேட்டைக்குப் போய்விடுகிறது. பூமிக்கு அடியில் செல்வதாகச் சொன்ன வண்டி தூண்களின் மீது செல்லும் என்கிறார்கள். செலவு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று உயருகிறது. அப்போது வண்டியில் பக்கத்தில் நிற்பவரிடம் நாம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'இதையெல்லாம் யாரைக் கேட்டு மாற்றினார்கள்?'

வேடிக்கையாகக் கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. ஒரு திட்டத்துக்கு மக்களின் சம்மதத்தை வாக்குச் சீட்டின் மூலமே பெற்றுக்கொண்ட பிறகு, அந்தத் திட்டமும் அதன் செலவும் மாறிய போது என்ன நேர்ந்தது? மாறுதலுக்கும் மக்களைக் கேட்டார்களா? கேட்ட இடத்தில் என்ன விளைந்தது, கேளாத இடத்தில் என்ன விளைந்தது? இவை யாவும் ஒரே வட்டாரத்தில், ஒரே ரெயில் பாதையின் கதையில் அடங்கியிருக்கின்றன. அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சான் பிரான்சிஸ்கோ வளைகுடா வட்டாரமே அது.

சான் பிரான்சிஸ்கோ நகரம் ஒரு தீபகற்பத்தின் முனையில் இருக்கிறது. வளைகுடாவுக்கு அக்கரையில் ஓக்லண்ட், பெர்க்லி ஆகிய நகரங்கள் இருக்கின்றன. முற்காலத்தில் இரு கரைகளுக்கும் இடையே படகிலேயே சென்று வந்தார்கள். 1936-இல் வளைகுடாவின் குறுக்கே பெரிய பாலம் திறக்கப்பட்டது. 1939 முதல் அதன் கீழ்த் தட்டில் மின்சார ரெயில்களும் ஓடின. யுத்தத்துக்குப் பின் மோட்டார் வண்டிகள் பெருகின. ரெயிலுக்குப் பயணிகள் குறைந்தனர். 1958-இல் பாலத்தின் மேல் சென்ற ரெயில்கள் நிறுத்தப்பட்டுத் தண்டவாளங்களும் எடுக்கப்பட்டன. ரெயிலின் இடத்தையும் மோட்டாருக்கே கொடுத்தார்கள். கொடுத்தும் நெரிசல் தீர்ந்தபாடில்லை.

இதை முன்கூட்டியே உணர்ந்தவர்கள் இருந்தார்கள். 1947-இலேயே தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து அமைத்த ஒரு குழு, வளைகுடாவின் அடியில் குழாய் போன்ற பாதை அமைத்து அதனுள் ரெயில் விடலாம் என்று யோசனை கூறியது. 1951-இல் கலிபோர்னியாவின் சட்டமன்றம் இதனை ஆராய ஒரு கமிஷனை அமைத்தது. அதன் அறிக்கை 1956-இல் வெளிவந்தது. 1957-இல் வட்டார விரைவு ரெயில் வாரியம் ஒன்று சட்டத்தின் மூலம் ஏற்படுத்தப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அதனைப் 'பார்ட்' என்று இன்றும் அழைக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ, அலமீடா, கான்ட்ரா கோஸ்டா, சான் மேட்டியோ, மரீன் என்னும் ஐந்து மாவட்டங்கள் அதில் சேர்ந்தன.

இங்கே ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இந்த வாரியத்தை நடத்திய இயக்குநர்களை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாவட்ட ஆட்சிக் குழுக்களும் நகரங்களின் மேயர்களும் அவர்களை நியமித்தார்கள். ஆனால் வாரியம் பெருந்தொகையைக் கடனாகப் பெற்று, அக்கடனைச் சொத்து வரியிலிருந்து அடைக்க வேண்டுமானால், அதற்கு மக்களின் வாக்கு வேண்டும். அதுவும் சாதாரணப் பெரும்பான்மை போதாது; மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதே முதலில் இருந்த விதி. இதற்குத் தக்க காரணம் உண்டு. இத்தகைய கடன் முப்பது, நாற்பது ஆண்டுகள் நீடிப்பது. இன்று வாக்களிப்பவரின் பிள்ளைகளும் அதைச் சுமக்க வேண்டியிருக்கும். அவ்வளவு நீண்ட சுமையை ஏற்றுமுன் அவ்வளவு பரந்த சம்மதம் தேவை என்று சட்டம் கருதியது.

வாக்கெடுப்புக்கு முன்பே திட்டம் சுருங்கத் தொடங்கிவிட்டது. 1961 டிசம்பரில் சான் மேட்டியோ மாவட்டம் விலகிக் கொண்டது. எங்களுக்கு ஏற்கெனவே ஒரு தனியார் ரெயில் இருக்கிறது. இன்னும் ஒன்றுக்கு ஏன் வரி கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். வசதியான ரெயில் வந்தால் வாடிக்கையாளர் எல்லோரும் பெருநகரக் கடைகளுக்குப் போய்விடுவார்கள் என்று அங்கிருந்த வியாபாரிகள் அஞ்சினார்கள். அம்மாவட்டம் போனதும் மற்றவர்களின் பங்கு கூடியது. சிறிய மரீன் மாவட்டத்தால் அதைத் தாங்க இயலுமா என்ற ஐயம் எழுந்தது. அவ்விடத்துக்கு ரெயில் செல்ல வேண்டுமானால் புகழ் பெற்ற கோல்டன் கேட் பாலத்தைக் கடக்க வேண்டும். அப்பாலம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்பதிலும் பொறியியல் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை இருந்தது. 1962-இல் மரீனும் விலகியது. ஐந்து மூன்றாயிற்று. சுமார் 120 மைல் என்று எண்ணிய பாதை 75 மைலாயிற்று.

எஞ்சிய மூன்றிலும் ஒன்று ஊசலாடியது. திட்டத்தை வாக்கெடுப்புக்கு விடுவதா வேண்டாமா என்பதைக் கான்ட்ரா கோஸ்டாவின் ஆட்சிக் குழு முடிவு செய்ய வேண்டியிருந்தது. 1962 ஜூலையில் மூன்று பேர் ஆதரவாகவும் இரண்டு பேர் எதிராகவும் நின்றனர். ஒரே ஒருவர் மனம் மாறியிருந்தால் திட்டம் மக்கள் முன் வந்தே இராது.

இதற்கிடையே சட்டமும் திருத்தப்பட்டது. மூன்றில் இரண்டு பங்கு என்றிருந்தது 60 சதவீதம் ஆயிற்று. 1962 நவம்பர் 6-ஆம் நாள் மூன்று மாவட்டத்து மக்களும் வாக்களித்தார்கள். சொத்து வரியை ஆதாரமாகக் கொண்டு 79 கோடியே 20 லட்சம் டாலர் கடன் பெறலாமா என்பதே கேள்வி. வளைகுடாவின் அடியில் செல்லும் குழாய்ப் பாதைக்குப் பாலத்தின் சுங்கப் பணத்திலிருந்து 13 கோடியே 30 லட்சமும், வண்டிகளுக்குக் கட்டண வருமானத்தைக் காட்டிப் பெறும் கடனாக 7 கோடியே 10 லட்சமும் கிடைக்கும் என்பது மதிப்பீடு. ஆக மொத்தம் 99 கோடியே 60 லட்சம் டாலர். நூறு கோடிக்குச் சற்றுக் குறைவு. அந்நாளில் ஒரு வட்டாரத்து மக்கள் தங்கள் போக்குவரத்துக்காகத் தாங்களே விதித்துக்கொள்ள முன்வந்த மிகப் பெரிய தொகைகளில் இது ஒன்று.

முடிவு வந்தது. ஆதரவு 61.2 சதவீதம். பழைய விதி இருந்திருந்தால் திட்டம் தோற்றிருக்கும். மாவட்டந்தோறும் தனித்தனியே 60 சதவீதம் வேண்டும் என்று விதித்திருந்தாலும் தோற்றிருக்கும். ஏனெனில் கான்ட்ரா கோஸ்டாவில் அந்த அளவு கிட்டவில்லை. மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டதாலேயே வெற்றி கிடைத்தது. வாக்களிக்கும் உரிமை எவ்வளவு பெரிதோ, வாக்கை எண்ணும் விதியும் அவ்வளவு பெரிது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தேர்தல் முடிந்த ஒரு மாதத்துக்குள் வரி செலுத்துவோர் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றம் வாரியத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. எனினும் மாதங்கள் பல கழிந்தன. 1964 ஜூன் 19-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜான்சன் வந்து வேலையைத் தொடங்கி வைத்தார்.

இது வரை நடந்தது முதல் அத்தியாயம். மக்களைக் கேட்டார்கள், மக்கள் சம்மதித்தார்கள். நாம் கருத வேண்டிய கேள்வி இதற்குப் பின்னரே எழுகிறது. வாக்குச் சீட்டில் எழுதியிருந்த திட்டம் வேறு, மண்ணில் எழும்பும் திட்டம் வேறு என்று ஆகும் போது, முன் கொடுத்த சம்மதம் எதுவரை செல்லும்?

முதலில் பெர்க்லி நகரத்தின் கதையைக் காண்போம். பல்கலைக்கழகத்தால் பெயர் பெற்ற ஊர் அது. 1962-இன் திட்டப்படி அந்நகரத்தின் நடுப்பகுதியில் மட்டும் ரெயில் பூமிக்கு அடியில் செல்லும். மற்ற இடங்களில் உயர்ந்த தூண்களின் மேல் செல்லும். வீடுகளுக்கு நடுவே நெடுஞ்சுவர் போல எழும்பும் மேல்பாதை நகரத்தை இரண்டாகப் பிளந்துவிடும் என்று மக்கள் அஞ்சினார்கள். கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த மேற்குப் பகுதியை மற்றப் பகுதியிலிருந்து பிரிக்கும் கோடாக அது ஆகிவிடும் என்பது அவ்வச்சத்தின் உட்கரு. முழுவதும் சுரங்கப் பாதையாக இருக்கட்டும் என்று நகரம் கேட்டது. அப்படியானால் கூடுதல் செலவை நீங்களே கொடுங்கள் என்றது வாரியம்.

இவ்விடத்தில் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. ஒன்று, வாரியம் சொன்ன கூடுதல் செலவை நகரம் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. மதிப்பீடு மிகையாக இருக்கிறது என்று நகரத்தார் தாமே கணக்குப் பார்த்து வாதாடினார்கள். மற்றொன்று, நகர ஆட்சியினர் தாங்களாகவே முடிவு செய்துவிடாமல், விஷயத்தை வாக்காளர்களிடம் கொண்டு சென்றார்கள். 1966 அக்டோபரில் வாக்கெடுப்பு நடந்தது. சுரங்கப் பாதைக்காக 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நகரம் கடன் பெற, வாக்களித்தோரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவர்கள் சம்மதித்தார்கள். தங்கள் மேல் தாங்களே வரி விதித்துக்கொள்ள இவ்வளவு பெரும்பான்மை கிடைப்பது அரிது. முடிவில் ஆன கூடுதல் செலவு, மக்கள் அனுமதித்த தொகையைவிடக் குறைவாகவே இருந்தது. நகரத்தார் பார்த்த கணக்கு வீண் போகவில்லை. இன்று பெர்க்லியின் நடுவே நடப்பவர்கள் காலடியில் ரெயில் செல்கிறது. தெருக்கள் பிளவுபடாமல் இருக்கின்றன.

இதற்கு விலை கொடுக்காமல் இல்லை. வேலை தாமதப்பட்டது, தாமதம் என்றால் விலைவாசி ஏற்றம் என்று பொருள். மக்களைக் கேட்பதால் காலம் செல்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் எதற்காகச் சென்ற காலம், யார் விரும்பிச் சென்ற காலம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இனி மறு பக்கம். மதிப்பீடு செய்தபோது விலைவாசி ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் உயரும் என்று வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். அந்தப் பத்தாண்டில் கட்டுமானச் செலவு அதைவிட வெகு விரைவாக உயர்ந்தது. நிலையங்களின் அமைப்பும் இடையில் மாற்றப்பட்டது. வளைகுடாவின் அடியில் செல்லும் 3.6 மைல் குழாய்ப் பாதைக்கு மட்டுமே சுமார் 18 கோடி டாலர் ஆயிற்று. இவற்றோடு இன்னொரு குறையும் இருந்தது. திட்டத்தின் செலவை மதிப்பிட்ட ஆலோசகர்களே அதனை வடிவமைத்தார்கள். கட்டும் வேலையையும் அவர்களே மேற்பார்வை செய்தார்கள். தைத்த தையற்காரனையே சட்டை பொருந்துகிறதா என்று கேட்பது போன்றது அந்த ஏற்பாடு. நியமனம் பெற்ற இயக்குநர்களுக்கோ இந்தக் கணக்குகளைத் துருவிப் பார்க்கத் தனியே ஆள்பலம் இல்லை.

1966 அளவிலேயே பணம் போதாது என்பது வெளியாயிற்று. பணம் தேட வழிகள் இருந்தன. மீண்டும் வாக்காளர்களிடம் சென்று கேட்கலாம். பாலத்தின் சுங்கத்தை உயர்த்தலாம். ஆனால் அதை மோட்டார்காரர்கள் தரப்பு எதிர்த்தது. சட்டமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் விவாதம் நடந்தது. கடைசியில் 1969-இல் ஒரு சட்டம் வந்தது. மூன்று மாவட்டங்களிலும் விற்பனை வரியுடன் டாலருக்கு அரை சென்ட் கூட்டி, அதன் மூலம் 15 கோடி டாலர் திரட்டுவதென்று முடிவாயிற்று.

இந்த முடிவில் கவனிக்க வேண்டியவை இரண்டு. 1962-இல் மக்கள் சம்மதித்தது சொத்து வரிக்கு. 1969-இல் வந்தது விற்பனை வரி. சொத்து வரி உடைமைக்கேற்ப அமைவது. விற்பனை வரியோ கடையில் பொருள் வாங்கும் ஒவ்வொருவர் மீதும் விழுவது. வருமானம் முழுவதையும் அன்றாடச் செலவிலேயே கரைக்கும் ஏழையின் தோளில் அது அதிகம் அழுத்துகிறது. அடுத்தது, 1962-இல் மக்கள் நேரே வாக்களித்தார்கள். 1969-இல் சட்டமன்றம் வாக்களித்தது. சட்டமன்றமும் மக்களின் பிரதிநிதிகள்தாமே என்று கேட்கலாம். உண்மை. ஆயினும் 60 சதவீதம் வேண்டும் என்று வாக்காளர்களை வரிசையில் நிற்க வைத்துக் கேட்ட ஒரு திட்டத்தின் உயர்ந்த செலவுக்கு, அவர்களை மறுபடியும் நேரே கேட்கவில்லை. வேலை பாதிக்கு மேல் நடந்துவிட்டது. இப்போது கேட்டு அவர்கள் மறுத்துவிட்டால் தோண்டிய பள்ளங்களை என்ன செய்வது என்ற நிலை வந்துவிட்டது. பாதிக் கிணறு தாண்டியவனிடம் மீதியைத் தாண்டலாமா என்று ஆலோசனை கேட்பதில் அர்த்தமில்லை. ஆகவேதான் கேட்க வேண்டிய காலம், தாண்டுவதற்கு முன்பு.

1972 செப்டம்பர் 11-ஆம் நாள் முதற் பகுதியில் வண்டிகள் ஓடத் தொடங்கின. ஓட்டுநரின் கையை எதிர்பாராமல் இயந்திரமே வண்டியை நடத்தும் என்பது இந்த ரெயிலின் பெருமையாகப் பேசப்பட்டது. அந்த இயந்திர அமைப்பில் குறை இருக்கிறது என்று வாரியத்தின் பொறியியலாளர் மூவர் முன்பே கூறியிருந்தார்கள். மேலதிகாரிகள் செவி சாய்க்காததால் இயக்குநர் ஒருவரிடம் விஷயத்தைக் கொண்டு சென்றார்கள். அதன் பலனாக 1972 மார்ச்சில் மூவரும் வேலையை இழந்தார்கள். திறப்பு விழா நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அக்டோபர் 2-ஆம் நாள் ஃபிரீமான்ட் என்னும் கடைசி நிலையத்தில் ஒரு வண்டி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பாதையின் முடிவைக் கடந்து மணல் மேட்டில் பாய்ந்தது. சிலர் காயமுற்றனர், நல்வினைப் பயனாக உயிர்ச் சேதம் இல்லை. அவ்வாண்டின் இறுதியில் சட்டமன்றத்தின் நிதி ஆய்வாளர், வாரியத்தின் நிர்வாகத்தையும் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் கடுமையாகக் கண்டித்து அறிக்கை கொடுத்தார். குழாய்ப் பாதை வழியே வண்டிகள் செல்ல 1974 செப்டம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. எல்லாம் முடிந்த போது செலவு சுமார் 160 கோடி டாலர். மக்களிடம் முதலில் சொன்னதோ நூறு கோடிக்கும் குறைவு. இடைவெளியின் பெரும் பகுதியை விற்பனை வரியும் மத்திய அரசாங்கத்தின் மானியமும் நிரப்பின.

செலவு உயர்ந்ததனால் அந்தத் திட்டம் தீயது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இன்று அந்த ரெயில் இல்லாத வளைகுடா வட்டாரத்தை எண்ணிப் பார்க்க இயலாது. 1961-இல் விலகிய சான் மேட்டியோ மாவட்டம், பிற்காலத்தில் தன் பங்குக்குப் பணம் கொடுத்து ரெயிலைத் தன் எல்லைக்குள் நீட்டச் செய்தது. 2003-இல் அது விமான நிலையம் வரை சென்றது. மரீன் மாவட்டத்துக்கு அந்த ரெயில் இன்றளவும் செல்லவில்லை. நாம் இங்கே ஆராய்வது ரெயில் வேண்டுமா வேண்டாமா என்பதையன்று. திட்டம் மாறும் போது மாற்றியவரைக் கேள்வி கேட்கும் இடம் எங்கே என்பதையே.

வளைகுடா வட்டாரத்து மக்கள் அந்த இடத்தைச் சிறிது சிறிதாகத் தேடிக் கண்டார்கள். முதற்படி, இயக்குநர்களை நியமிக்கும் முறை ஒழிந்தது. வட்டாரம் ஒன்பது தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, 1974 நவம்பரில் மக்களே ஒன்பது இயக்குநர்களையும் தேர்ந்தெடுத்தார்கள். ரெயில் நிர்வாகத்துக்கென்றே தனியே ஒரு தேர்தல்! கட்டணம் உயர்ந்தாலும், நிலையம் மாறினாலும், எந்த இயக்குநரின் கதவைத் தட்ட வேண்டும் என்பது அன்று முதல் ஒவ்வொரு வாக்காளருக்கும் தெரிந்தது. தேர்தல் வந்ததனால் தவறுகள் நின்றுவிட்டன என்று கூற மாட்டோம். தற்காலிகமாக வந்த அரை சென்ட் வரி 1977-இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதையும் சட்டமன்றமே செய்தது. ஆனால் தவறு நேர்ந்தால் பதில் சொல்ல ஒருவர் உண்டு என்ற நிலை பிறந்தது.

அடுத்த படி, புதிய கடன்களுக்கு மக்கள் காட்டிய எச்சரிக்கை. நிலநடுக்கத்தைத் தாங்கும்படி பாதைகளை வலுப்படுத்தக் கடன் கேட்டு 2002-இல் வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டியிருந்தது. அதற்குச் சற்றே குறைந்ததால் அது தோற்றது. வாரியம் திட்டத்தை மீண்டும் விளக்கி 2004-இல் 98 கோடி டாலருக்குச் சம்மதம் பெற்றது. 2016-இல் பழுதடைந்த தண்டவாளங்களையும் மின்கருவிகளையும் புதுப்பிக்க 350 கோடி டாலர் கேட்ட போது, 70 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டோர் ஆதரித்தார்கள். அந்தப் பணம் சொன்ன காரியத்துக்கே செலவாகிறதா என்று பார்த்து மக்களுக்கு அறிக்கை கொடுக்கத் தனியான குடிமக்கள் குழு ஒன்றும் அத்துடன் ஏற்பட்டது. 2018-இல் வட்டார மக்கள் வாக்களித்து ஏற்ற மற்றொரு திட்டத்தின் மூலம், வாரியத்தின் கணக்குகளையும் நடவடிக்கைகளையும் சுதந்திரமாக ஆராயும் தலைமை ஆய்வாளர் பதவியும் உருவாயிற்று. 1962-இல் சம்மதம் ஒன்றையே கேட்டார்கள். 2016-இல் சம்மதத்துடன் கணக்குக் காட்டும் கடமையும் சேர்ந்தது. இடையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றிருக்கின்றன.

இக்கதை நமக்கு உணர்த்துவது என்ன? சம்மதம் வேறு, மேற்பார்வை வேறு. சம்மதம் ஒரு நாளில் கொடுப்பது. மேற்பார்வை நாள்தோறும் செய்வது. சம்மதத்தை மட்டும் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய வட்டாரம் அரை சென்ட் வரியை அடைந்தது. மாறுதலையும் தன் வாக்கின் கீழ்க் கொண்டுவந்த பெர்க்லி, தான் விரும்பிய சுரங்கப் பாதையை, தான் அனுமதித்த தொகைக்குள்ளேயே அடைந்தது. இரண்டும் ஒரே ரெயில், ஒரே வாரியம், ஒரே காலம். வேறுபாடு கேட்டதிலும் கேளாததிலும்தான்.

நம் நாட்டில் ரெயில் பாதைக்காக மக்கள் நேரே வாக்களிக்கும் வழக்கம் இல்லை. 1972 டிசம்பரில், அதாவது வளைகுடா ரெயில் தொடங்கிய அதே ஆண்டில், கல்கத்தாவில் நாட்டின் முதல் சுரங்க ரெயிலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1984 அக்டோபரில் ஒரு சிறு பகுதி திறக்கப்பட்டது. டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை முழுப் பாதையும் இயங்க 1995 ஆயிற்று. தோண்டிய தெருக்களின் ஓரமாகக் குழந்தைகளைக் கைப்பிடித்து நடந்த ஆண்டுகளை அந்நகரத்தில் வாழ்ந்த நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நமக்கு இருக்கும் வழி பிரதிநிதிகள் மூலமானது. அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பெருநகரப் பகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டக் குழு வேண்டும் என்றும், அதன் உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதோர் அப்பகுதியின் நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. ஆகவே நம் வார்டு உறுப்பினர் குழாய்க்கும் விளக்குக்கும் மட்டும் உரியவர் அல்லர். வட்டாரத் திட்டத்தைப் பற்றிக் கேட்பதற்கும் உரியவர்.

இங்கே நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நம்மில் எத்தனை பேர் பெயர் இந்த நகரத்தின் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது? இருபது ஆண்டுகளாக ஒரே நிலையத்தில் வண்டி ஏறுகிறோம். வரி இங்கே கொடுக்கிறோம். பாதை மாறினால் துன்பப்படுவதும் நாமே. ஆனால் பெயர் மட்டும் பிறந்த ஊரின் பட்டியலில் இருக்கிறது. ஊரின் மேல் உள்ள பற்று அதற்குக் காரணம் என்பதை உணர்கிறோம். அந்தப் பற்றைக் குறை கூற மாட்டோம். எனினும் சட்டம் ஒருவருக்கு ஒரு தொகுதியில் மட்டுமே இடம் தருகிறது. அதுவும் அவர் வழக்கமாகக் குடியிருக்கும் தொகுதியில். நம் வாக்கு ஓர் ஊரிலும் நம் பயணம் வேறோர் ஊரிலும் இருக்கும் வரை, 'யாரைக் கேட்டு மாற்றினார்கள்?' என்ற நம் கேள்வி வண்டிச் சத்தத்தோடு கலந்து போகும்.

பெர்க்லி நகரத்தார் வீரச் செயல் எதுவும் புரிந்துவிடவில்லை. கணக்கைக் கேட்டு வாங்கிப் படித்தார்கள். ஐயத்தை எடுத்துச் சொன்னார்கள். குறித்த நாளில் சென்று வாக்களித்தார்கள். பள்ளம் தோண்டுமுன் இவற்றைச் செய்தார்கள் என்பதே அவர்களுடைய சிறப்பு. நாளைக் காலை வண்டிக்காக நிற்கும் போது, எதிரே புதிய பாதைக்கென்று நட்டிருக்கும் பலகையை நாம் சற்று நின்று படிப்போமாக. அதில் எழுதியிருக்கும் தொகையும் தேதியும் மாறும் நாளில் கேட்கும் உரிமை உடையவர்களாக, நம் பெயரை இங்கே எழுதி வைத்துக்கொள்வோமாக.